பெட்டி இங்கே, பேச்சு அங்கே

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவைத் திறக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாமே, எதற்கு இவ்வளவு பெரிய கடிதம் என்று நீ கேட்பாய். போனில் சொன்னால் நீ நடுநடுவே சிரித்துவிடுவாய், நான் வரிசை தவறிவிடுவேன், இந்த விஷயம் வரிசையாகச் சொல்லப்பட வேண்டியது. அதைவிடப் பெரிய காரணம், நடந்ததற்குப் பிறகு இந்த வீட்டில் போனைக் கையில் எடுக்கவே எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. இங்கே பேசுவது எந்த வீட்டுக்குள்ளிருந்து வெளியே வரும் என்று சொல்வதற்கில்லை. காகிதத்துக்கு அந்த ஆபத்து கிடையாது. முதலில் சில்லறைச் செய்திகளை முடித்துவிடுகிறேன். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, டாக்டர் சொன்ன பயிற்சியைத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே செய்கிறாள், காட்சி விறுவிறுப்பாக இருந்தால் எண்ணிக்கை தவறி ஒரே காலுக்கு இரண்டு மடங்கு செய்துவிடுகிறாள். சமையலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. தெருவில் குழாய் பதிக்கிறேன் என்று பள்ளம் தோண்டி, நம் வாசலுக்கு ஒரு பலகையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள், உன் மாமா அதைத் தாண்டி வரும்போதெல்லாம் கப்பலில் இருந்து இறங்குகிறவர் மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வருகிறார். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் உன் தையல் அத்தையும் அம்மாவும் பேசாமல் இருந்தது உனக்குத் தெரியும், ஆனால் எதனால் என்று உனக்கு முழுதாகத் தெரியாது, நீ ஊரைவிட்டுப் போன பிறகு நடந்தது அது. அவர்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு ரேடியோ இருந்ததே, இருவரும் பாதிப் பாதி போட்டு வாங்கியது. பகலில் அது அத்தையின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கும், சாயங்காலம் பழைய பாட்டு நிகழ்ச்சி தொடங்கும் நேரத்துக்கு நம் வீட்டுக்கு வரும். வருவதற்கு முன்னால் அத்தை கத்தரிக்கோலின் பிடியால் சுவரில் இரண்டு தட்டு தட்டுவாள், நான் கிளம்புகிறேன் என்று அதற்கு அர்த்தம். அம்மா கரண்டிக் காம்பால் இரண்டு தட்டு தட்டுவாள், வா என்று அர்த்தம். பிறகு இருவரும் கூடத்தில் உட்கார்ந்து ரேடியோவோடு சேர்ந்து பாடுவார்கள். நான் பத்திரிகை ஆபீசில் இருந்து திரும்பும்போது தெருமுனையிலேயே கேட்கும், ரேடியோ ஒரு பக்கம், அம்மா அதன் பின்னால், அத்தை இரண்டுக்கும் சம்பந்தமில்லாத ஒரு திசையில். அந்த ரேடியோ ஒருநாள் நம் கூடத்து அலமாரியில் இருந்து கீழே விழுந்து, பேசாத பொருளாகிவிட்டது. நீதான் விளிம்பில் வைத்தாய் என்று அம்மா அத்தையைச் சொன்னாள், நான் உள்ளே தள்ளித்தான் வைத்தேன், துடைக்கிறேன் என்று நீதான் இழுத்து வைத்தாய் என்று அத்தை சொன்னாள். அதற்குமேல் ஒருவர் குடும்பத்தை ஒருவர் இழுத்தார்கள், அதை எழுத வேண்டாம். அன்றோடு தட்டுவது நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் வரும். அம்மா பாட்டுக் கேட்பதையும் விட்டுவிட்டாள், பாடுவதையும் விட்டுவிட்டாள். கேட்டால், பாட்டு கேக்கறத விட்டா வேற வேல இல்லையா எனக்கு என்பாள். வேறு வேலை இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் நீ போன் செய்து, ஒயர் இல்லாத ஸ்பீக்கர் ஒன்று வாங்கி வீட்டில் வைப்பா, அம்மா பாட்டுக் கேட்கட்டும் என்று சொன்னாய். உனக்கு எப்படித் திடீரென்று அந்த எண்ணம் வந்தது என்று அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை. இவ்வளவு வருஷம் நிருபராக இருந்தும் கேட்க வேண்டிய முதல் கேள்வியைக் கோட்டைவிட்டேன். ஒரு பொருளை வாங்குவதற்கு முன்னால் நாலு பேரிடம் விசாரிப்பது என் சுபாவம், அதனால் விசாரித்தேன். முதலில் உன் மாமாவைக் கேட்டது பிசகாகப் போயிற்று. லிப்ட் பழுதுபார்க்கிறவர் இல்லையா, எதையும் அது எவ்வளவு எடை தாங்கும் என்றுதான் பார்ப்பார். ஸ்பீக்கர்னா அடி இருக்கணும் மாமா, போட்டா நெஞ்சுக்குள்ள யாரோ கதவத் தட்டணும் என்றார். அவர் வீட்டில் இருப்பதன் மேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து, பாட்டைப் போட்டு, தண்ணீர் துள்ளுவதைக் காட்டினார். தண்ணீர் துள்ளியது உண்மை, பாடியவர் என்ன பாடினார் என்பது கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. உங்க அக்காவுக்குப் பாட்டு வேணும்பா, பூகம்பம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். தெருமுனை மருந்துக் கடைக்காரர் குளியலறையில் கூட வைக்கலாம் என்று தண்ணீர் புகாத ஒன்றைச் சிபாரிசு செய்தார், அம்மா குளிக்கும்போது பாட்டு கேட்க ஆரம்பித்தால் அப்புறம் எனக்கு முறை வராது என்பதால் அதை விட்டேன். கடைசியில் நானே ஒரு விதி வகுத்துக்கொண்டேன். மனிதக் குரல் தெளிவாக வர வேண்டும், பொத்தான்கள் கண்ணாடி போடாமல் தெரிய வேண்டும், ஒரு கையால் தூக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் மற்றதெல்லாம் விளம்பரம்.

கடைக்கு நான் மட்டும்தான் போனேன், அம்மா வரவில்லை. எனக்கு ஒண்ணும் வேண்டாம், உங்களுக்குப் பொழுதுபோகலன்னா நீங்க வாங்கிக்குங்க என்று சொல்லிவிட்டாள். கடையில் ஒரு நீள மேசை முழுக்க ஸ்பீக்கர்கள், உருண்டையாக, உருளையாக, ஒன்று செங்கல் மாதிரி, ஒன்று கைப்பை மாதிரி. விற்பனை செய்கிற பெண்மணி நல்ல கலகலப்பு. ஒவ்வொன்றாக என் போனோடு சேர்த்துவிட்டு, உங்களுக்குப் பிடிச்ச பாட்டப் போடுங்க சார் என்றாள். என் போனில் பாட்டு ஏது. அதில் இருந்தது அம்மா உனக்கு அனுப்பிய குரல் செய்திதான். அவள் போனில் இடம் இல்லை என்று நீளமாகப் பேச வேண்டுமானால் என் போனில்தான் பேசுவாள், முன்பு ஒருநாள் நான் நடைப்பயிற்சிக்குப் போயிருந்தபோது பேசி அனுப்பியிருக்கிறாள். அதையே போட்டேன். எனக்கு உலகத்தில் மிக நன்றாகத் தெரிந்த குரல் அதுதானே, அது சரியாக வந்தால் எல்லாம் சரியாக வரும். சாப்பிட்டியா, அங்க மழையா, கோட்டுல பித்தான் அந்துபோச்சுன்னியே தெச்சியா, உங்கப்பா ஈரத் துண்ட மறுபடியும் நாற்காலி மேலயே போட்டிருக்காரு, எத்தன தடவ சொல்றது, இந்த மனுஷன் ஊர்ல இருக்கற தப்பெல்லாம் எழுதுவாரு, இதை மட்டும் எழுத மாட்டாரு என்று அந்த இடம்வரை ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் போட்டுப் பார்த்தேன். உருண்டையில் அம்மா கிணற்றுக்குள்ளிருந்து திட்டினாள். செங்கலில் மூக்கடைத்துக்கொண்டு திட்டினாள். கைப்பை மாதிரி இருந்த சாம்பல் நிற ஸ்பீக்கரில் மட்டும் பக்கத்தில் நின்று திட்டுகிற மாதிரியே இருந்தது, நான் என்னையறியாமல் திரும்பிக்கூடப் பார்த்தேன். அந்தப் பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, எல்லாரும் பாட்டு போட்டுப் பாப்பாங்க, நீங்க ஒருத்தர்தான் சார் திட்டு போட்டுப் பாக்கறீங்க என்றாள். இதுவே வேண்டும், ஆனால் பலர் கைபட்ட இந்தக் காட்சிப் பொருள் வேண்டாம், பிரிக்காத புதுப் பெட்டி கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்.

வீட்டுக்கு வந்ததும் பிரித்துவிடவில்லை. கூடவே வந்த விளக்கப் புத்தகத்தை முதலில் படித்தேன். படிக்காமல் ஒரு பொருளைத் தொடக் கூடாது என்பது என் கொள்கை, அந்தப் புத்தகத்தில் ஏராளமான எழுத்துப் பிழைகள் வேறு, அவற்றையும் திருத்திக்கொண்டே படித்ததில் சில நாள் ஓடிவிட்டது. பெட்டி மேசையில் மூடினபடியே இருந்தது. அம்மா அதைத் துடைக்கும்போது சுற்றித் துடைப்பாள், தொட மாட்டாள். கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள் இல்லையா, கண்ணைச் சிமிட்டாதீங்க என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள், அந்தப் பழக்கத்தில் பெட்டியைச் சிமிட்டாமல் ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். எனக்கு மனதுக்குள் உறுத்தியது. பெட்டியைத் திறந்து, பாட்டைப் போட்டு, அப்போதும் அவள் முகம் இப்படியே இருந்துவிட்டால் அப்புறம் என்ன செய்வது என்றுதான் நான் புத்தகத்தையே படித்துக்கொண்டிருந்தேனோ என்னவோ.

போன ஞாயிற்றுக்கிழமை பகலில் ஒருவழியாகப் பிரித்தேன். அம்மா பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரின் பொத்தானை அமுக்கினேன், நீல விளக்கு எரிந்தது. போனைப் பார்த்தேன், ஸ்பீக்கரின் பெயரைக் காட்டி, இணைந்துவிட்டது என்று சொன்னது. எவ்வளவு சுலபம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு, பழகிய சோதனையே நல்லது என்று அதே குரல் செய்தியைப் போட்டேன். சத்தமே இல்லை. சத்தத்தைக் கூட்டினேன். இல்லை. முழுக்கக் கூட்டினேன். பெட்டி ஊமையாக நீல விளக்கை எரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சரி, ஏமாற்றிவிட்டார்கள் என்று பெட்டியைக் காதோடு வைத்து ஆட்டிப் பார்த்தேன், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். அந்தப் பக்கம் மெஷின் நின்றுபோனதைக் கவனித்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை. அது பாட்டுக்குச் செய்தி ஓடிக்கொண்டிருக்கிறது, போனில் கோடு நகர்வது தெரிகிறது, சத்தம் மட்டும் இல்லை. அப்போது அம்மா ஈரத் துணியைத் தோளில் போட்டபடி, முழங்காலையும் மறந்து ஓடிவந்தாள். என்னங்க, நான் பேசறது அவ வீட்டுக்குள்ள இருந்து கேக்குது என்றாள். நான் ஒரு நிமிஷம் அவளுக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்றுதான் நினைத்தேன். கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். அத்தை வீட்டுப் பின் ஜன்னல் திறந்திருந்தது. அதற்குள்ளிருந்து உன் அம்மா, கணீரென்று, பக்கத்தில் நின்று திட்டுகிற அதே தெளிவோடு பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி இருக்காளே, அவ மாதிரி ஒரு பிடிவாதக்காரிய நீ பாத்திருக்க மாட்ட, விளிம்புல வெச்சதும் அவ, முறைச்சிக்கிட்டுத் திரியறதும் அவ, தெக்கிற துணிய இழுக்கற மாதிரி பேச்சையும் அவ பக்கமே இழுப்பா, போதாததுக்கு ஸ்ருதின்னா என்னன்னே தெரியாது, வண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் போடாத மாதிரி பாடுவா. இந்த இடத்தில்தான் எனக்குப் புத்தி வந்து போனை அமுக்கி நிறுத்தினேன். காயப்போட்ட துணியில் இருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

உள்ளே வந்து இருவரும் உட்கார்ந்தோம். அம்மா முகத்தில் ரத்தமே இல்லை. போச்சு, எல்லாம் போச்சு, இனிமே ஜென்மத்துக்கும் அவ என் மூஞ்சில முழிக்க மாட்டா, வருஷம் பூரா சுவத்துக்கு இந்தப் பக்கம் வாய மூடிக்கிட்டு இருந்தேன், நீங்க ஒரு பொத்தான்ல அவ வீட்டு நடுக்கூடத்துல என்ன நிக்க வெச்சு திட்ட வெச்சிட்டீங்க என்றாள். நியாயமான பேச்சு. நான் போனைப் பார்த்தேன். கோடு பாதியில் நின்றிருந்தது, செய்தியில் இன்னும் பாதி மிச்சம் இருந்தது. அதுக்கப்புறம் என்ன சொன்ன என்று கேட்டேன். உங்களுக்கு எதுக்கு என்றாள். இன்னும் அதிகமாத் திட்டினியா என்று கேட்டேன். இல்ல என்று சொல்லிவிட்டு, தோளில் இருந்த ஈரத் துணியின் ஓரத்தை முறுக்க ஆரம்பித்தாள். அவள் முகம் சிவந்ததைப் பார்த்ததும் எனக்கு விஷயம் பிடிபட்டது. உனக்குத் தெரியும், ஒருவர் சொன்னதில் பாதியை மட்டும் போட்டு மீதியை வெட்டுவதை நான் என் வேலைக்காலம் முழுக்க எதிர்த்தவன். பாதியைப் போட்டால் அது பொய்யைவிட மோசம். இப்போது நானே பாதியை வெளியிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மீதியையும் அவ கேக்கணும், அதுதான் நியாயம் என்றேன். அதெல்லாம் வேண்டாம், நான் கெஞ்சற மாதிரி ஆயிடும், அவ என்ன நெனைப்பா என்றாள். பாதியக் கேட்டுட்டு இப்ப என்ன நெனைக்கிறாளோ அதவிட நல்லாத்தான் நெனைப்பா என்றேன். ஆனால் நான் அமுக்கவில்லை. பேசியது அவள், அதை வெளியிடும் உரிமையும் அவளுடையதுதான். போனை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். அந்தப் பக்கம் மெஷின் ஓடுகிறதா என்று இருவரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். ஓடவில்லை. அழுகிறாளோ என்று அம்மா மெதுவாகச் சொன்னாள். பிறகு கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, நிறுத்திய இடத்தில் இருந்து அவளே அமுக்கினாள். அமுக்கிய கையோடு ஈரத் துணியைத் தலையில் போர்த்திக் காதை இறுக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் பின்பக்கம் போய் நின்றுகொண்டேன். உன் அம்மா உன்னிடம் சொன்னதை, பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக, கொடியில் தொங்குகிற என் சட்டைகளுக்கு நடுவே நின்று முதல்முறையாகக் கேட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு, சாயங்காலம் ஆனா கை தன்னால கரண்டியத் தேடுது. மெஷின் சத்தம் நின்னா உடனே சுவத்தப் பாக்கறேன், தட்டப் போறாளோ தட்டப் போறாளோன்னு. தட்ட மாட்டா, பிடிவாதக்காரி. நான் மட்டும் என்ன, நானும் தட்ட மாட்டேன். நீ பெட்டி கிட்டி வாங்கிக் குடுக்கச் சொல்லி உங்கப்பாகிட்ட சொல்லிடாத, பெட்டி என்னத்துக்கு எனக்கு, தனியா உக்காந்து நல்லாப் பாடறவங்கள மட்டும் கேட்டுக்கிட்டே இருக்கறது ஆஸ்பத்திரியில காத்துக்கிட்டிருக்கற மாதிரி இருக்கு. பக்கத்துல அவ எண்ணெய் போடாத சக்கரமா கத்தினாத்தான் எனக்கு அது பாட்டு. இதையெல்லாம் உங்கப்பாகிட்ட சொல்லாத, பெரிய எழுத்துல தலைப்பு போட்டுடுவாரு. பித்தான மறக்காமத் தெச்சிடு. அத்துடன் முடிந்தது. ஆக, பெட்டி வாங்கிக் கொடுக்கச் சொல்லாதே என்று உன்னிடம் சொன்ன பிறகுதான் நீ என்னைப் பெட்டி வாங்கச் சொல்லியிருக்கிறாய். நீ எந்தக் கணக்கில் செய்தாயோ தெரியாது, இதைப் பற்றித் தனியாக உன்னை விசாரிக்க வேண்டியிருக்கிறது.

நான் கூடத்துக்குத் திரும்பி வந்தேன். குளியலறைக் கதவு விரல் அளவு திறந்து, முடிஞ்சுதா என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டது. அப்போது சுவரில் விழுந்தது, டொக், டொக் என்று இரண்டு தட்டு. கத்தரிக்கோல் பிடிதான், சந்தேகமே இல்லை. அம்மா துணியைத் தலையில் போட்டபடியே வெளியே வந்து, கரண்டியைத் தேடுகிறேன் என்று சமையலறையில் இரண்டு பாத்திரத்தை உருட்டி, கரண்டி கையில் கிடைக்காமல் செருப்பை எடுத்துச் சுவரில் திருப்பித் தட்டினாள், அதுவும் என் செருப்பு. அவள் தட்டி முடிப்பதற்குள் வாசலில் அத்தை வந்து நின்றாள். பள்ளத்துப் பலகையை எப்படித் தாண்டினாளோ, கழுத்தில் அளவு நாடா தொங்குகிறது, இடுப்பில் குழந்தையைத் தூக்குகிற மாதிரி ஒரு ஸ்பீக்கரை அணைத்துக்கொண்டிருக்கிறாள். சாம்பல் நிறம், கைப்பை மாதிரி, நான் வாங்கியதேதான். இந்தா அக்கா, உன் வாய நீயே வெச்சுக்கோ, என் வீட்டுக்குள்ள வந்து உக்காந்துக்கிட்டு என்னையே திட்டுது என்று அம்மாவின் கையில் கொடுத்தாள். அம்மா ஈரத் துணியோடு அதை வாங்கிக்கொண்டாள். அத்தையே தொடர்ந்தாள், பிடிவாதக்காரின்னு சொன்ன, சரி, அது எல்லாருக்கும் தெரியும், விளிம்பு விஷயம் அப்புறம் பேசிக்கலாம், ஆனா ஸ்ருதி தெரியாதுன்னு எப்படிச் சொல்லலாம், அண்ணா நீங்களே சொல்லுங்க, நான் என்ன எண்ணெய் போடாத சக்கரமா என்று என்னைக் கேட்டாள். நிருபராக இருந்தபோது மந்திரிகளிடம்கூட மழுப்பாமல் பேசியவன் நான், அன்று ஈரத் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். திரும்பி வரும்போது இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, அழுகையா சிரிப்பா என்று பிரித்து எழுத முடியாத ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு வருஷமா இந்த மூட்டு வலிக்கு என்ன பண்ணின அக்கா, சொல்லக்கூடாதா எனக்கு என்று அத்தை கேட்டது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது.

எப்படி நடந்தது என்பதை அன்று மாலையே மூன்று பேருமாகக் கடைக்குப் போய் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மேசையில் வைத்து என் போனோடு சேர்த்துக் காட்டினார்களே அந்தக் காட்சிப் பொருள், அதை நான் வேண்டாம் என்று விட்டுவந்த பிறகு, விலை குறைத்துக் கொடுத்ததால் வாங்கிக்கொண்டு போனது நம் அத்தை. அக்கா வீட்டுல பெட்டி வாங்கிட்டாங்களாம், நமக்கு மட்டும் கதியில்லையா என்ற ரோஷத்தில் வாங்கியது, அவளே சொல்கிறாள். நான் அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பலகையைத் தாண்டியதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். என் போனுக்குத் தெரிந்தது அந்தப் பழைய பெட்டி மட்டும்தான், புதியதை அது பார்த்ததே இல்லை. ஒரு சுவர் அதற்குத் தடை இல்லை. நான் இங்கே படித்துக்கொண்டிருந்த நாட்களில், அங்கே அத்தை அவளுடைய போனைச் சேர்க்கப் பார்க்கும்போதெல்லாம் என் போன் முந்திக்கொண்டு போய் ஒட்டியிருக்கிறது. பாவம், தலையில் ஓட்டைப் பெட்டியைக் கட்டிவிட்டார்கள் என்று அதை எரியவிட்டு மேசையில் வைத்துவிட்டுத் தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், அப்போதுதான் அதற்குப் பேச்சு வந்திருக்கிறது. அந்த முழு விளக்கப் புத்தகத்தில் இதற்கு ஒரு வரி இல்லை, பார்த்துவிட்டேன். விற்பனைப் பெண்மணி எங்களைப் பார்த்ததும், திட்டு சார் வந்துட்டாரு என்று உள்ளே குரல் கொடுத்தாள். கதையைக் கேட்டுச் சிரித்து ஓய்ந்த பிறகு, ரெண்டும் ஒரே ஜாதிப் பெட்டிதானே, ரெண்டையும் ஜோடியாச் சேத்து விடட்டுமா, ஒரே பாட்டு ரெண்டுலயும் வரும் என்று கேட்டாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சேத்து விடுங்க என்றார்கள்.

வீட்டுக்கு வந்து ஒன்றை இங்கேயும் ஒன்றை அங்கேயும் வைத்து, சுவருக்கு இருபுறமும் உட்கார்ந்து பழைய பாட்டு ஒன்றைப் போட்டார்கள். இங்கே அம்மா நெற்றியைச் சுருக்கினாள். பாடுகிறவர் மட்டும் தனியாகப் பாடுகிறார், பின்னால் வாத்தியம் எங்கோ தூரத்தில் லேசாகத்தான் இருக்கிறது. அங்கிருந்து அத்தை கத்தினாள், அக்கா, எனக்கு வயலின் மட்டும்தான் வருது, பாடறவர் உங்க வீட்டுக்குச் சாப்பிட வந்துட்டாரா என்று. பழைய ஒலிப்பதிவுகளில் குரலை ஒரு பக்கமும் வாத்தியத்தை மறு பக்கமும் வைப்பார்களாம், ஜோடி சேர்த்ததால் ஆளுக்குப் பாதியாகப் பங்கு பிரிந்துவிட்டது. நான் கடைக்குப் போன் செய்தேன். அந்தப் பெண்மணி, அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல சார், போன்ல ஒரு இடத்த மாத்தினா ரெண்டுலயும் முழுப் பாட்டும் வரும், நான் சொல்லச் சொல்ல அமுக்குங்க என்றாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தயாரானேன். அம்மா போனை என் கையில் இருந்து வாங்கி, வேண்டாம்மா, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று சொல்லி வைத்துவிட்டாள். எனக்கு உடனே புரியவில்லை. சுவரில் இரண்டு தட்டு விழுந்தது, கரண்டி இரண்டு தட்டு தட்டியது, அத்தை தன் பெட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து நம் கூடத்தில் அம்மாவின் பெட்டிக்கு அந்தப் பக்கம் வைத்தாள், பாட்டு முழுசாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் புரிந்தது. அன்றிலிருந்து தினமும் இப்படித்தான், ஒருநாள் அது இங்கே வருகிறது, ஒருநாள் இது அங்கே போகிறது. அம்மாவுக்கு முழங்கால் முடியாத நாளில் தூக்கிக்கொண்டு பலகையைத் தாண்டுவது என் உத்தியோகம். நேற்று நான் தெருமுனையில் திரும்பும்போதே கேட்டது, வயலின் ஒரு பக்கம், அம்மா அதன் பின்னால், அத்தை எந்தத் திசை என்று நீயே யூகித்துக்கொள்.

நீ தப்பாமல் கேட்பாய் என்று தெரியும், ரேடியோவை விளிம்பில் வைத்தது யார் என்று முடிவானதா என்று. ஆனது. இரண்டு பேரும் கலந்து பேசி, அது நான்தான் என்று ஏகமனதாகத் தீர்மானித்துவிட்டார்கள். அன்று நான் ஊரிலேயே இல்லை, வெளியூரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன், ஆதாரம் எல்லாம் இருக்கிறது. ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தவறான செய்திக்கு நான் மறுப்பு கொடுக்கவில்லை. நீயும் கொடுத்துவிடாதே. கோட்டுப் பித்தான் தைத்துவிட்டாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள், பக்கத்தில் இருக்கும் அத்தை, நாலு துளையிலும் குறுக்கே நூல் ஓட்டி, அடியில் ரெண்டு சுத்து சுத்தச் சொல்லுங்க அண்ணா, அந்தக் குளிருக்கு அப்பதான் நிக்கும் என்கிறாள். இரவு வேலை முடிந்து தனியாக வர வேண்டாம், கூட வேலை செய்கிறவர்களோடு சேர்ந்து வா. ஜன்னல் தாழ்ப்பாள் சரியில்லை என்றாயே, வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருக்காமல் எழுதிக் கொடு, எழுதிக் கொடுத்தால்தான் நகருவார்கள். நீ நீண்ட ஆயுளோடு, நல்ல மனிதர்கள் பக்கத்தில் இருக்க, எந்த ஊரில் இருந்தாலும் சுவரைத் தட்டினால் திருப்பித் தட்ட ஓர் ஆள் அமைந்து சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று மூன்று பேரும் வாழ்த்துகிறோம். முக்கியமான ஒன்றை மறந்துவிடப் போகிறேன். இனிமேல் குரல் செய்தி அனுப்பும்போது யோசித்துப் பேசு. நீ ஒரு வீட்டுக்கு அனுப்புவது இங்கே இரண்டு வீட்டில் கேட்கும்.

என்றும் உன் நலம் விரும்பும்,
ஈரத் துண்டை இப்போது கொடியில் போடுகிற
உன் அப்பா